இணையத் தமிழ்க் கருத்துரைகளும் இயந்திரத்தின் உணர்வு வகைப்பாடும்: ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் உணவகம் தேடும் ஒருவர், கடை வாசலை மிதிப்பதற்கு முன்னரே அக்கடையைப் பற்றிப் பிறர் எழுதிய கருத்துரைகளைக் கைப்பேசியில் பார்த்துவிடுகிறார். அவற்றுள் ஆங்கிலம் மிகுதி; சீனமும் மலாயும் உண்டு; இடையிடையே தமிழும் வரும். அத்தமிழ் சில இடங்களில் தமிழ் எழுத்திலும் பல இடங்களில் உரோமன் எழுத்திலும் இருக்கும். கருத்துரைகள் நூறாக இருக்கும்வரை மனிதர் படிப்பர். ஆயிரக்கணக்கில் பெருகும்போது இயந்திரமே அவற்றைப் படித்து, இது பாராட்டு, இது குறை என்று பிரித்துத் தருகிறது. உணர்வுப் பகுப்பாய்வு எனக் கணினி மொழியியலில் வழங்கும் துறை இதுவே.

தமிழ்க் கருத்துரைகளைப் பிரிக்கும் முயற்சிகள் எந்த அடித்தளத்தின்மீது நிற்கின்றன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இயந்திரத்தின் திறமையை எடைபோடுவது இதன் முதன்மை நோக்கமன்று. இயந்திரத்திற்குக் கற்பிக்கும் விடைத்தாளை யார் எழுதினர், எந்தத் தமிழைக் கொண்டு எழுதினர் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. எனது கருத்தை முன்கூட்டியே கூறிவிடலாம்: குறை வழிமுறையில் இருப்பதைக் காட்டிலும் விடைத்தாளில்தான் மிகுதியாக இருக்கிறது.

திரைப்பட மதிப்புரையில் தொடங்கிய துறை

2002ஆம் ஆண்டில் போ பாங், லில்லியன் லீ, சிவகுமார் வைத்தியநாதன் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கப் படைப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆங்கிலத் திரைப்பட மதிப்புரைகளுள் நேர்நிலையானவை 700, எதிர்நிலையானவை 700 என எடுத்துக்கொண்டு, மூன்று கற்றல் முறைகளால் அவற்றைப் பிரித்துப் பார்த்தனர். மிகச் சிறந்த விளைவு 82.9 விழுக்காடு. ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதைவிட, அது வருகிறதா இல்லையா என்பதே கூடுதல் பயன் தந்தது. அதற்கு முன் இரு மாணவர்களிடம் பாராட்டுச் சொற்களையும் பழிப்புச் சொற்களையும் பட்டியலிடச் சொல்லி, அப்பட்டியல்களை மட்டும் கொண்டு பிரித்தபோது கிடைத்தவை 58, 64 விழுக்காடுகளே. மனிதர் தம் உள்ளுணர்வால் தொகுக்கும் பட்டியலைவிட, எடுத்துக்காட்டுகளிலிருந்து இயந்திரம் தானே கற்பது மேல் என்ற முடிவு இதிலிருந்து பெறப்பட்டது. பிந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் அவ்வழியே சென்றன.

அக்கட்டுரையின் இரு செய்திகள் தமிழ்ச் சூழலில் மறக்கப்பட்டுள்ளன. ஒன்று, விடை எங்கிருந்து வந்தது என்பது. மதிப்புரை எழுதியவரே தந்த நட்சத்திரங்களும் மதிப்பெண்களும்தாம் அங்கு விடையாயின. அதாவது, எழுதியவரின் எண்ணத்திற்கு எழுதியவரே சான்று. மற்றொன்று, தோல்வி பற்றிய விளக்கம். நடிகர் நன்று, கதை நன்று, இசை நன்று என்று அடுக்கிவிட்டு, இறுதியில் படம் தேறவில்லை என்று முடிக்கும் மதிப்புரைகளில் இயந்திரம் தடுமாறியதை ஆய்வாளர்கள் ஒளிக்காமல் கூறினர். சொற்களின் கூட்டுத்தொகை வேறு, கூற்றின் நோக்கம் வேறு என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே கண்டுகொண்டனர்.

15,744 கருத்துரைகள்

தமிழில் இத்தகைய போட்டிப் பணி ஒன்று 2015இல் இந்தி, வங்காளம் ஆகியவற்றோடு சேர்த்துக் கீச்சுகளை வைத்து நடைபெற்றது. ஆயினும் விரிவாகப் பேசத்தக்கது 2020இல் பாரதி ராஜா சக்கரவர்த்தியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட மொழிக்கலப்புத் தரவுத்தொகுதியாகும். யூடியூபில் தமிழ்த் திரைப்பட முன்னோட்டங்களின்கீழ் எழுதப்பட்ட 15,744 கருத்துரைகளை அது கொண்டுள்ளது. தூய தமிழை மட்டும் தேடாமல், மக்கள் எழுதிய கலப்பு மொழியையே ஆய்வுப்பொருளாக ஏற்றது துணிவான செயல். தமிழ்த்துறைகள் ஏளனத்தோடு ஒதுக்கிய ஒரு மொழிவடிவத்தைக் கணினித்துறையினர் மதித்துத் தொகுத்திருக்கின்றனர். இவ்வகையில் நாம் அவர்களுக்குக் கடன்பட்டுள்ளோம்.

கருத்துரைகள் ஐந்து வகைகளாகப் பிரிக்கப்பட்டன. நேர்நிலை 10,559, எதிர்நிலை 2,037, கலவை உணர்வு 1,801, உணர்வு அறிய இயலாதவை 850, தமிழ் அல்லாதவை 497. இவ்வெண்களை ஒருகணம் நின்று நோக்குதல் வேண்டும். எதையும் படிக்காமல், எல்லாவற்றிற்கும் ‘நேர்நிலை’ என்று விடை எழுதும் ஒரு மந்தமான இயந்திரம்கூட 67 விழுக்காடு சரியாகச் சொல்லிவிடும். பாங் குழுவினர் இரு பக்கமும் 700 வைத்துச் சமன்செய்தமையால் அங்கு குருட்டு ஊகத்தின் மதிப்பு 50 விழுக்காடுதான். ஆகவே, தமிழ்க் கருத்துரைகளில் 70 விழுக்காடு துல்லியம் என்று ஒருவர் கூறினால், அது எந்தக் கணக்கின்படி என்று கேட்பது நம் கடமை. வகைதோறும் தனித்தனியே மதிப்பிட்டு எடையிட்டுக் கூட்டும் முறையை இத்துறையினர் கையாள்வதற்குக் காரணமும் இதுவே. அம்முறையின்படி 2020இல் நடைபெற்ற போட்டிப் பணியில் தமிழுக்கு முதலிடம் பெற்ற முறையின் மதிப்பு 0.65.

நேர்நிலை இவ்வளவு பெருகியது ஏன்? முன்னோட்டத்தின்கீழ் எழுதுவோர் பெரும்பாலும் அந்நடிகரின் இரசிகர்கள். படம் வெளிவருவதற்கு முன்னரே வாழ்த்த வந்தவர்கள். உணவகத்தில் உண்டு முடித்தவர் எழுதுவதும், திரைக்கு வராத படத்திற்கு இரசிகர் எழுதுவதும் ஒரே வகைக் கூற்றாகா. முன்னது மதிப்பீடு, பின்னது முழக்கம். இவ்விரண்டையும் ‘கருத்து’ என்ற ஒரே பெயரால் அழைப்பது பொருந்தாது என்பதே என் எண்ணம். முழக்கத்தில் பயின்ற இயந்திரத்தைக் கொண்டு தேக்கா நிலையத்து உணவங்காடியைப் பற்றிய முணுமுணுப்பை அளக்க முடியாது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. இங்கு விடையைத் தந்தவர் எழுதியவர் அல்லர், தன்னார்வக் குறிப்பாளர்கள். ஒரு கருத்துரையை முதலில் இருவர் படித்தனர். இருவரும் ஒத்தால் அதுவே விடை. மாறுபட்டால் மூன்றாமவர்; மூவரும் மூன்று கூறினால் மேலும் இருவர். ஒத்திசைவைக் காட்டும் குறியீடு 0.7க்குக் கீழேயே நின்றது. சிலர் இதனைத் தரவின் குறையாகக் கொள்வர். தமிழைப் பல்லாண்டு கற்பித்து வருபவன் என்ற முறையில், எனக்கு இது வியப்பளிக்கவில்லை. நான்கு திருமணங்களில் பந்தி விசாரித்தவருக்குத் தெரியும், ‘சாப்பாடு பரவாயில்லை’ என்பதற்கு எத்தனை பொருள் உண்டு என்று.

துணைவினையும் இடைச்சொல்லும்

மாதிரிக்காக நானே அமைத்த கருத்துரை ஒன்றை இங்கே தருகிறேன். சிங்கப்பூரில் நாள்தோறும் காதில் விழும் பேச்சை ஒட்டி அமைந்தது இது: “பசியாறப் போனோம். அரை மணி நேரம் கழிச்சுத்தான் தோசை வந்து தொலைஞ்சுச்சு. தோசையில குறை சொல்ல ஒண்ணுமில்ல. பெரிய கடையாம்!”

சொற்களைப் பிரித்து வைத்து எண்ணும் முறைக்கு இது எவ்வாறு தோன்றும்? ‘பசி’ என்பது துன்பச் சொல்லாகப் பதியக்கூடும். மலேசியத் தமிழரும் சிங்கப்பூர்த் தமிழரும் காலை உணவு உண்பதைப் ‘பசியாறுதல்’ என்பர்; அதில் வருத்தம் ஏதுமில்லை. ‘குறை’, ‘இல்லை’ ஆகிய இரண்டும் தனித்தனியே எதிர்நிலை; சேர்ந்து நின்று பாராட்டாகின்றன. ‘அடித்துக்கொள்ள ஆளில்லை’, ‘சும்மா சொல்லக் கூடாது’ போன்ற தொடர்களும் இவ்வாறே எதிர்மறை வடிவில் வரும் உயர்ந்த புகழ்மொழிகள். ‘பெரிய’ என்னும் அடை நேர்நிலைப் பட்டியலில் இடம்பெறத்தக்கது. ஆனால், அத்தொடரின் இறுதியிலுள்ள ‘ஆம்’ அதனைக் கவிழ்த்துவிடுகிறது. பிறர் சொல்லக் கேட்டதைக் குறிக்கும் அவ்விடைச்சொல், இவ்விடத்தில் ‘அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள், நான் ஏற்கவில்லை’ என்ற எள்ளலாக நிற்கிறது.

எல்லாவற்றிலும் கவனத்திற்குரியது ‘வந்து தொலைஞ்சுச்சு’ என்பது. ‘வந்தது’, ‘வந்துவிட்டது’, ‘வந்து தொலைந்தது’ ஆகிய மூன்றும் தோசை வந்த செய்தியைத் தருவதில் வேறுபடவில்லை. பேசுபவரின் மனநிலையில்தான் வேறுபடுகின்றன. தமிழ்த் துணைவினைகளை இ. அண்ணாமலை 1985இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். வினை நிகழ்ச்சியின்மீது பேசுபவர் கொள்ளும் மனப்பாங்கைத் தெரிவிப்பது துணைவினைகளின் பணிகளுள் ஒன்று என்பது இன்று தமிழ் மொழியியலில் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ‘தொலை’, ‘தள்ளு’, ‘கிழி’ போன்றவை முதன்மை வினையாக வரும்போது ஒன்று சொல்லும். துணையாக வரும்போது எரிச்சலையோ இகழ்ச்சியையோ சொல்லும்.

இப்போது கணினி முன்செயலாக்கத்தை நோக்குவோம். ஆங்கில மரபைப் பின்பற்றிய ஆய்வுகள், வகைப்படுத்துவதற்கு முன் பொருளற்ற சிறுசொற்களை நீக்குவதும் விகுதிகளை வெட்டி அடிச்சொல்லை எடுப்பதும் வழக்கம். ஆங்கிலத்தில் இதனால் பெரும் இழப்பு நேர்வதில்லை. தமிழில் வெட்டப்படுபவை எவை? ‘தான்’, ‘ஆம்’, ‘ஓ’, ‘ஏ’ ஆகிய இடைச்சொற்களும் துணைவினைகளும். அதாவது, கருத்துரையிலிருந்து உணர்வைத் தேடப் புறப்பட்டவர்கள், உணர்வு தங்கியிருக்கும் உறுப்பையே முதலில் குப்பை என்று எறிந்துவிடுகின்றனர். ‘நல்லாருக்கு’ என்பதற்கும் ‘நல்லாத்தான் இருக்கு’ என்பதற்கும் இடையே ஒரு தயக்கம் நிற்கிறது. அத்தயக்கத்தை அறியாதவர் தமிழ்க் குடும்பத்தில் மருமகளாகவோ மருமகனாகவோ ஒருநாள் தாக்குப்பிடிப்பது கடினம்.

உரோமன் எழுத்தில் எழுதும்போது சிக்கல் மேலும் பெருகுகிறது. குறில் நெடில் வேறுபாடு மறைகிறது. ல, ள, ழ மூன்றும் ஆளுக்கொரு விதமாக எழுதப்படுகின்றன. ஒரே சொல் பத்து வடிவம் எடுக்கிறது. இதனை அதிகம் விரிக்கத் தேவையில்லை. எழுத்து வேறுபாட்டைப் போதிய தரவு இருந்தால் இயந்திரம் கற்றுக்கொள்ளும்.

மொழிபெயர்ப்பில் பிறந்த அளவுகோல்

2022க்குப் பிந்தைய பெருமொழி மாதிரிகள் இந்நிலையைப் பெரிதும் மாற்றியுள்ளன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவை சொல்லை வெட்டுவதில்லை. சூழலோடு சேர்த்துப் பார்க்கின்றன. மேலே தந்த மாதிரிக் கருத்துரையில் எள்ளல் இருப்பதை இன்றைய சில மாதிரிகள் கண்டுகொள்ளவும் கூடும். அவ்வாறாயின் குறை தீர்ந்ததா? தீர்ந்ததா இல்லையா என்று அறிய ஓர் அளவுகோல் வேண்டும். சிங்கப்பூருக்கு இங்குதான் நேரடித் தொடர்பு வருகிறது.

தமிழ்க் கணிமைக்குச் சிங்கப்பூர் புதிய இடமன்று. 1997இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு முதன்முதலாக இங்குதான் கூடியது. உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000இல் உருவானதும் இங்குதான். அம்மரபின் தொடர்ச்சி என்று கருதத்தக்க வகையில், ‘ஏஐ சிங்கப்பூர்’ அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்ட ‘சீ-லயன்’ மொழி மாதிரியில் தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழும் இடம்பெற்றது. அதே ஆண்டில் வெளிவந்த ‘பாஷா’ என்ற மதிப்பீட்டுத் தொகுதியில் இந்தோனேசிய மொழி, வியட்நாமிய மொழி, தாய்மொழி எனப்படும் தாய்லாந்து மொழி ஆகியவற்றோடு தமிழுக்கும் இடமளிக்கப்பட்டது. தமிழைத் தென்கிழக்காசிய மொழியாக ஏற்ற இம்முடிவு பாராட்டுக்குரியது.

எனினும், அதில் தமிழ் உணர்வுப் பகுப்பாய்வுக்காகச் சேர்க்கப்பட்ட தரவு சிங்கப்பூரில் பிறந்ததன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ‘ஏஐ4பாரத்’ குழுவினர் 13 இந்திய மொழிகளுக்காக உருவாக்கிய ‘இண்டிக்சென்டிமென்ட்’ என்பதிலிருந்து அது பெறப்பட்டது. அத்தொகுதியில் பொருள்களைப் பற்றிய மதிப்புரைகள் முதலில் ஆங்கிலத்தில் அமைக்கப்பட்டு, பின்னர் மொழிபெயர்ப்பாளர்களால் தமிழாக்கப்பட்டன. மொழிபெயர்ப்பு மனிதர் செய்தது, பிழையற்றதாகவே இருக்கட்டும். பல மொழிகளை ஒரே அளவில் ஒப்பிட இம்முறை உதவும் என்பதும் உண்மை. ஆனால், ஆங்கில வாக்கியத்தில் ‘தொலை’ இல்லை, ‘ஆம்’ இல்லை, ‘தான்’ இல்லை. எனவே தமிழாக்கத்திலும் அவை வரமாட்டா. மொழிபெயர்ப்பாளர் நேர்மையானவராக இருக்குமளவுக்கு, தமிழுக்கே உரிய உணர்வு உறுப்புகள் அத்தரவில் குறைந்தே இருக்கும். நேர்மை இங்கே குறையாக மாறுகிறது.

இத்தேர்வில் ஒரு மாதிரி உயர்ந்த மதிப்பெண் பெற்றால், அது தமிழில் எழுதப்பட்ட ஆங்கில உணர்வை நன்கு அறியும் என்பது மட்டுமே மெய்ப்பிக்கப்படுகிறது. தமிழரின் சலிப்பையும் நக்கலையும் அரைமனத்துப் பாராட்டையும் அறியுமா என்பது சோதிக்கப்படவே இல்லை. சிங்கப்பூர் ஆங்கிலத்திற்கு இத்தகைய அக்கறை கிடைத்திருக்கிறது என்பதை ஒப்புநோக்கலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எரிக் கேம்பிரியாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2016இல் சிங்கிலீஷுக்கெனவே உணர்வு அறிவுத்தளம் ஒன்றை உருவாக்கினர். சிங்கிலீஷை ஆங்கிலத்தின் சிதைவு என்று தள்ளாமல், அதன் சொற்கள் ஏந்தும் உணர்வைத் தனியே பதிந்தனர். அந்நெறி தமிழுக்கும் வேண்டும்.

இது வெறும் ஆய்வுக்கூடச் சிக்கலன்று. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர், 2010இல் அது 3.3 விழுக்காடு. இத்துணைச் சிறிய தொகையினர் எழுதும் குறையை இயந்திரம் ‘நேர்நிலை’ என்று பிழையாகப் பிரித்தாலும், மொத்தத் துல்லியம் ஒரு புள்ளிகூட அசையாது. கணக்குப் பார்ப்பவர் கண்ணில் அப்பிழை படவே படாது. மருத்துவமனைக் காத்திருப்பு, பேருந்துச் சேவை, பள்ளி என எதைப் பற்றியும் பொதுமக்கள் கருத்தைத் திரட்டும் அமைப்பு ஒன்று, தமிழ்க் கருத்துரைகளை இவ்வாறு படிப்பதாகக் கொண்டால், ‘தமிழர் மனநிறைவோடு உள்ளனர்’ என்ற அறிக்கை பிறப்பது எளிது.

மெய்ப்பாட்டியலைத் துணைக்கு அழைத்தல்

இவ்விடத்தில் தமிழ் மாநாடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு கூற்றை மறுத்தாக வேண்டும். உணர்வுப் பகுப்பாய்வைத் தொல்காப்பியர் அன்றே கண்டுவிட்டார் என்பது அக்கூற்று. மெய்ப்பாட்டியல் பேசுவது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்பட்டுக் காண்போருக்குப் புலனாவதைப் பற்றி. ஒரு பொருளின்மீது ஒருவர் கொள்ளும் மதிப்பீட்டைப் பற்றி அன்று. இரண்டையும் ஒன்றாக்குவது தொல்காப்பியத்திற்கும் பெருமையன்று, கணினியியலுக்கும் பயனன்று.

ஆயினும் மெய்ப்பாட்டியலின் அமைப்பு ஒன்றைக் கற்பிக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளைப் பெயரிட்டதோடு தொல்காப்பியர் நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றும் எந்த நான்கு களன்களில் தோன்றும் என்றும் வகுத்தார். நகைக்கு அவர் சொல்லும் களன்களுள் எள்ளலும் ஒன்று, இளமையும் ஒன்று. குழந்தையின் மழலை கேட்டுச் சிரிப்பதும் பிறரை இகழ்ந்து சிரிப்பதும் நகையே. ஆனால் காரணம் வேறு. கண்ணீர் வரச் சிரிக்கும் முகக்குறியைக் கண்டவுடன் ‘நேர்நிலை’ என்று பதியும் ஒரு குறிப்பாளருக்கு இந்த ஒரு நூற்பாவைப் பாடமாக வைக்கலாம். வகைப்பெயரோடு காரணத்தையும் பதியும் தரவு, வெறும் கூட்டல் கழித்தல் குறியைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

வஞ்சப்புகழ்ச்சிக்கு வகுப்பறைகளில் நாம் எடுத்துக்காட்டும் புறநானூற்று 95ஆம் பாடலையும் எண்ணிப் பார்க்கலாம். அதியமானின் தூதராகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் மாலை சூடி, நெய் பூசிக் காவல்மனையில் பொலிவதையும், தம் மன்னனின் வேல்கள் நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் அடுத்தடுத்து வைக்கிறார். சொல்லெண்ணும் இயந்திரம் தொண்டைமானுக்கே வெற்றியைத் தரும். தொண்டைமானுக்கு அது புரிந்திருக்கும் என்று நம்பித்தான் ஔவையார் பேசியிருக்கிறார்.

குறிப்பாளர் மாறுபாட்டை எவ்வாறு கையாள்வது என்பதிலும் நம் உரைமரபு உதவக்கூடும். இளம்பூரணரும் பேராசிரியரும் ஓரிடத்தில் வேறுபட்டால் நாம் மூன்றாமவரை அழைத்து வாக்கெடுப்பதில்லை. இரண்டு உரைகளையும் வைத்துக்கொண்டு படிக்கிறோம். பெரும்பான்மை விடையை மட்டும் காத்து, மாறுபட்ட விடைகளை அழித்துவிடும் வழக்கத்தை அண்மைக் காலத்தில் கணினி ஆய்வாளர்களே ஐயுறத் தொடங்கியுள்ளனர். மாறுபாடு என்பது எப்போதும் பிழையன்று. வாக்கியம் தன்னுள் இரு மனம் கொண்டிருப்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். மேற்கண்ட தொகுதியில் ‘கலவை உணர்வு’ என்று ஒதுக்கப்பட்ட 1,801 கருத்துரைகளே என் பார்வையில் மிகுந்த மதிப்புடையவை.

சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பின் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் கிடைத்தது. பேச்சுத் தமிழின் நுட்பத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் குழு ஒன்று இந்நாட்டில் உள்ளது என்பது இதன் பொருள். பெரிய செலவு வேண்டியதில்லை. இங்குள்ள தமிழர் தாமே எழுதிய கருத்துரைகள் சில ஆயிரம், எழுதியவரின் இசைவோடும் அடையாளம் நீக்கியும் திரட்டப்பட வேண்டும். இயன்றால் எழுதியவரிடமே ‘நீங்கள் என்ன எண்ணினீர்கள்’ என்று கேட்டுப் பதிய வேண்டும். ஆசிரியர்கள் தனித்தனியே குறிப்பிட வேண்டும்.

அண்மையில் தோசைக் கருத்துரையை மூன்று ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒருவர் எதிர்நிலை என்றார். மற்றொருவர் கலவை என்றார்; தோசை நன்றாக இருந்ததாக எழுதியிருக்கிறதே என்பது அவர் வாதம். மூன்றாமவர், வயதில் மூத்தவர், விடை எழுதாமல் தாளைத் திருப்பித் தந்து, “எழுதினவர் அந்தக் கடைக்கு மறுபடியும் போனாரா?” என்று கேட்டார். நாங்கள் அச்சிட்டிருந்த படிவத்தில் அவ்வினாவுக்குக் கட்டம் இல்லை. அடுத்த படிவத்தில் ஒன்று சேர்த்திருக்கிறோம்.